மேக்னெட்டோவை மாற்றலாமா?

தண்டையார்பேட்டை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே வேலை அமைந்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. மற்றபடி இங்கே எல்லோரும் நலம். அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் ரிமோட் மாடல் விமானத்தின் ஜெனோவா ஜி-62 பெட்ரோல் இன்ஜினை, சுழலும் காந்தத்தால் பொறி தரும் மேக்னெட்டோவோடு அப்படியே ஓட்டுவதா, பேட்டரியில் பொறி தரும் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதா? போட்டுவிடு. பவர் ஏறும் என்ற எண்ணத்தில் போடாதே, உன் விரல்களுக்காகப் போடு.

திருவொற்றியூர் ஒர்க்‌ஷாப்புகளில் பழைய புல்லட்டை உதைக்கும்போது கிக்கர் காலைத் திருப்பி அடிக்குமே, “டைமிங் அட்வான்ஸா இருக்கு, பாயிண்ட்டைத் தள்ளி வை” என்பார்களே, அதே விவகாரம்தான் இது. பெட்ரோல் கலவை எரிய நேரம் வேண்டும். 6,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்று 10 மில்லி செகண்டில் முடிந்துவிடும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வர ஏறக்குறைய 28 டிகிரி இருக்கும்போதே பொறி விழ வேண்டும். அந்த 28 டிகிரி ஒரு மில்லி செகண்டுகூட இல்லை. ஆனால் ஸ்டார்ட் செய்யக் கையால் சுண்டும்போது விசிறி நிதானமாகத்தான் சுற்றுகிறது. மேக்னெட்டோவில் அப்போதும் அதே இடத்தில் பொறி விழுந்தால், பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் கலவை எரிந்து விசிறியை எதிர்ப்பக்கம் தள்ளும். உன் விரல் அங்கேதான் இருக்கும். மேக்னெட்டோவில் இன்னொரு தொல்லை, காந்தம் வேகமாகக் கடந்தால்தான் நல்ல பொறி வரும். ஆகவே பலமாகச் சுண்டியே தீர வேண்டும்.

எலக்ட்ரானிக் பெட்டிக்கு பேட்டரியிலிருந்து கரண்ட் வருவதால் மெதுவாகச் சுண்டினாலும் பொறி கொழுத்து விழும். விசிறியின் ஹப்பில் ஒரு சின்னக் காந்தம், அதற்கு எதிரே அந்தக் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சார். காந்தம் கடக்கும் நேரத்தைப் பார்த்து பெட்டி வேகத்தைக் கணக்கிட்டு, மெதுவாக ஓடும்போது பொறியை உச்சிக்கு அருகில் தள்ளிவைக்கும், வேகம் ஏற ஏற முன்னால் கொண்டுவரும். ஸ்டார்ட் ஆவதும் சுலபம், ஐடிலும் சீராக நிற்கும்.

மேக்னெட்டோவோடு அதன் கனமான ஃபிளைவீல் சக்கரமும் போய்விடும் என்பதை மறக்காதே. மூக்கு லேசாகி, விமானம் பின்பாரம் ஆகும். இக்னிஷன் பெட்டியையும் அதன் பேட்டரியையும் முன்னால் ஃபயர்வாலை, அதாவது இன்ஜினைத் தாங்கும் பலகையை ஒட்டி வைத்தால் பாதி சரியாகிவிடும். ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரிலிருந்து இக்னிஷன் ஓர் அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்ற விதிக்கும் அதுதான் தோது. ரிசீவர் பேட்டரியிலிருந்தே கரண்ட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், தனி பேட்டரி வை.

பேட்டரி வாங்குமுன் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படி. பழைய மாடல்கள் பல 4.8 முதல் 6 வோல்ட் வரைதான் தாங்கும். அதில் இரண்டு செல் லைப்போவை (லித்தியம் பாலிமர் பேட்டரி) நேராகக் கொடுத்தால், முழு சார்ஜில் 8.4 வோல்ட் போய் கருகிவிடும். புதியவற்றில் பல அதையும் தாங்கும். தாங்குமென்றால் என் ஓட்டு இரண்டு செல் லைஃபேவுக்குத்தான் (லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி). 6.6 வோல்ட், நடுவில் ரெகுலேட்டர் தேவையில்லை.

காசை எங்கே செலவழிக்க வேண்டும் என்று கேட்டால், கனெக்டரிலும் சுவிட்சிலும் என்பேன். நம் கடற்காற்று உனக்குத் தெரியாததா? காசிமேட்டிலிருந்து வீசும் உப்பு எதையும் விடாது. போன வாரம் ஒரு பையன் தன் விமானத்தை எடுத்துவந்தான். உயரே போனதும் இன்ஜின் திக்கித்திக்கி இருமுகிறதாம். பெட்டியைத்தான் சந்தேகப்பட்டான். கனெக்டரைப் பிரித்தால் பித்தளை ஊசியில் பச்சைக் களிம்பு, பக்கத்து ஒயரின் உறையைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்துப்போயிருந்தது. தங்க முலாம் பூசிய கனெக்டரைப் போட்டு ஒயரை மாற்றியதும் ஒழுங்காக ஓடியது. பிளக் கேப்பின் வலைப்பின்னல் உறையையும் பார். அது பிளக்கின் உடம்பை இறுக்கிப் பிடிக்க வேண்டும். தளர்ந்தால் ரேடியோ இரைச்சல் ரிசீவரைத் தொந்தரவு செய்யும். பிளக் மாட்டாமல் கேப்பைத் தொங்கவிட்டு ஒருபோதும் பொறி பார்க்காதே, போக வழியில்லாத உயரழுத்தம் பெட்டியையே அடித்துவிடும்.

நிறுத்தும் விதமும் தலைகீழ். மேக்னெட்டோவை நிறுத்த ஒயரை பாடியில் எர்த் செய்ய வேண்டும். அந்த ஒயர் அறுந்தால் இன்ஜின் நிற்காது. எலக்ட்ரானிக்கில் கரண்ட் போனாலே நின்றுவிடும். இதற்காகவே மாற்றலாம் என்பேன். ரிமோட்டிலிருந்து அணைக்கும் ஆப்டிகல் கில் சுவிட்சும் ஒன்று சேர்த்துவிடு. சிக்னல் போனால் இக்னிஷன் அணையும்படி ஃபெயில்சேஃப் வை. பொடிசுகள் வேடிக்கை பார்க்க வரும் மைதானத்தில் அவ்வளவு பெரிய விசிறி சுற்றுகிறது, யோசித்துப் பார்.

அப்புறம், பொங்கலுக்கு வந்தால் பொன்னேரிப் பக்கம் போய்ப் பறக்கவிடலாம். எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அது எந்த மண்டலம் என்று நான் பார்த்துவைக்கிறேன். கிட் வாங்குமுன் உன் பிளக்கின் திருகு 14 மிமீயா 10 மிமீயா என்று அளந்து எழுது. கேப் அதற்குத் தகுந்தபடி மாறும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்காரன்