புண்ணுக்குச் சமையல் தேன் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரொட்ரிக்ஸ் தீவுத் தேன் பாட்டிலை நம் வீடுகளில் இருமலுக்கும் எடுக்கிறார்கள், ஆறாத புண்ணுக்கும் எடுக்கிறார்கள். ஒரு வயது தாண்டியவர்களின் இருமலுக்குச் சரி. திறந்த புண்ணுக்கு ஆகாது. சமையல் தேனில் குளோஸ்ட்ரிடியம் என்னும் நோய்க்கிருமியின் வித்துகள் இருக்கலாம். சிலர் காய்ச்சித் தடவுகிறார்கள். அது இன்னும் மோசம். அந்தச் சூட்டில் வித்து சாகாது, குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதிதான் கெடும். புண்நீரில் தேன் கரையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறுகச் சிறுக விட்டுக் கிருமியைக் கொல்வது அந்த நொதியே. புண்ணுக்கென்றே தயாரிக்கும் மருத்துவத் தேனைக் காமா கதிரால் சுத்திகரிக்கிறார்கள். வித்து அழியும், நொதி தங்கும்.

புண்ணை உப்புநீரால் கழுவிய பின், 10 சென்டிமீட்டர் சதுரக் கட்டுத்துணியில் சுமார் 20 மில்லி மருத்துவத் தேனை ஊறவிட்டு வைக்க வேண்டும். நேரே புண்மேல் ஊற்றினால் வழிந்துவிடும். அதன்மேல் நீர் கசியாத உறை. முதலில் கட்டைத் தினமும் மாற்ற வேண்டும். தாமதித்தால் தேன் நீர்த்து, ஓரத்துத் தோல் வெளுத்து ஊறிப்போகும். ஒட்டிக்கொண்ட கட்டைப் பிய்க்காமல் உப்புநீர் விட்டு நனையுங்கள். சற்று எரிவது தேனின் அமிலத்தால். தாங்க முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். தேனீ ஒவ்வாமை உள்ளவர்கள் தேனையும் தேனீக்கள் கூட்டில் சேர்க்கும் புரோபோலிஸ் பிசினையும் தொடவே வேண்டாம்.

ஆழமில்லாத தீக்காயத்தில் தேன் நன்றாக வேலை செய்கிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பு சொல்கிறது. சர்க்கரை நோயாளியின் கால்புண்ணுக்கு அப்படித் தெளிவான சான்று இல்லை. மொரிஷியஸ் தீவில் சர்க்கரை நோய் அதிகம். கால் கறுத்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

புண் பராமரிப்புச் செவிலியர்கள்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்