புதிய சி.டி. கருவிகளில் இரட்டை ஆற்றல் வசதி கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ரேடியோகிராபர், மதுரை.

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், சென்னை.

பொருள்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு வாங்கும் சி.டி. ஸ்கேன் கருவிகளில் இரட்டை ஆற்றல் வசதியைச் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சாதாரண சி.டி. ஸ்கேன், சிறுநீரகக் கல் எங்கே இருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் என்பதைத் தெளிவாகச் சொல்லும். அது எந்த வகைக் கல் என்பதை உறுதியாகச் சொல்வதில்லை. இரட்டை ஆற்றல் முறையில், ஒரே இடத்தை 80, 140 கிலோவோல்ட் போன்ற இருவேறு மின்னழுத்த அளவுகளில் படமெடுத்தால், கால்சியமும் யூரிக் அமிலமும் எக்ஸ் கதிரை உறிஞ்சும் விதம் வேறுபடுவதால் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது. யூரிக் அமிலக் கல் என்று தெரிந்தால், அடைப்போ தொற்றோ இல்லாத நோயாளிக்குச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தாலேயே பல நேரங்களில் கல்லைக் கரைத்துவிடலாம். கூலி வேலைக்குச் செல்பவருக்கு ஓர் அறுவை சிகிச்சை தவிர்வது சிறிய விஷயமன்று.

கவுட் என்பது யூரிக் அமிலத்தின் யூரேட் படிகங்கள் மூட்டில் படிவதால் வரும் கீல்வாதம். மூட்டில் ஊசியிட்டு நீர் எடுக்க இயலாத கவுட் நோயாளியிடமும் அப்படிகங்களை இம்முறை நிறமிட்டுக் காட்டும். 2015-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் வெளியிட்ட கவுட் வகைப்பாட்டு விதிகளிலும் இது இடம்பெற்றுள்ளது. பக்கவாதத்துக்கு இரத்தக்கட்டியை அகற்றிய பின் மூளையில் தெரியும் வெண்மை, கசிந்த இரத்தமா, படம் தெளிவாகத் தெரியச் செலுத்தித் தங்கிய கான்ட்ராஸ்ட் மருந்தா என்று பிரிக்கவும், நுரையீரலில் இரத்த ஓட்டம் குன்றிய பகுதியைக் காணவும் இது உதவுகிறது.

இதற்கும் எல்லை உண்டு. மிகச் சிறிய கற்களின் வகையை இது தவறவிடலாம். கவுட் தொடங்கிய முதல் சில வாரங்களில் படிகம் தென்படாமலும் போகலாம். ஆகவே எல்லா வட்ட மருத்துவமனைகளுக்கும் இதைக் கேட்கவில்லை. சிறுநீரகவியல், மூட்டு வாதவியல், நரம்பியல் பிரிவுகள் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கான அடுத்த ஒப்பந்தப்புள்ளியின் தொழில்நுட்ப விவரக்குறிப்பில் இவ்வசதியைக் கட்டாயமாக்கிட வேண்டுகிறேன். படங்களைப் பகுத்தறியும் மென்பொருளைப் பின்னர் தனி விலைக்கு வாங்க நேராதபடி, அதன் உரிமத்தையும் ரேடியோகிராபர்களுக்கும் கதிரியக்க மருத்துவர்களுக்குமான பயிற்சியையும் அதே விலையில் அடக்க வேண்டும். மென்பொருள் இல்லாத கருவி, சாதாரண சி.டி.யாகவே ஓடி முடியும்.

தற்போது இயங்கும் கருவிகளில் எவற்றில் இவ்வசதி உள்ளது, அது பயன்பாட்டில் இருக்கிறதா என்பதையும் மையவாரியாகக் கணக்கெடுக்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)