பெர்ன் பேச்சில் அழுத்தம் பள்ளத்தில் கிடக்கிறது

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஜெர்மன் பேச்சின் பதிவுகளும் வந்து சேர்ந்தன. சுருதியின் உச்சியை, பேச்சொலியை அளக்கும் பிராத் மென்பொருள் தவறான அசையில் காட்டுகிறது என்று எழுதியிருந்தாய். மென்பொருள் சரியாகத்தான் காட்டுகிறது. வடஜெர்மன் பேச்சில் பழகிய காது, உச்சி எங்கேயோ அழுத்தமும் அங்கே என்று முடிவுகட்டிவிடுகிறது.

‘மெலனி’ என்ற பெயரை எடுத்துக்கொள். வடஜெர்மனியிலும் பெர்னிலும் அழுத்தம் ‘மெ’யில்தான். வடக்கே சாதாரணமாகச் சொன்னால் குரல் ‘மெ’யில் உயர்ந்து, பிறகு இறங்கும். பெர்னிலோ ‘மெ’ தாழ்ந்து ஒலிக்கும். அங்கிருந்து ஏறி, ‘ல’வில் உச்சி தொட்டு, ‘னி’யில் இறங்கும். மொழியியலாளர் ஜெனிஃபர் ஃபிட்ஸ்பாட்ரிக்-கோல் 1999இல் இதை ஆல்ப்ஸ் தொனி என்றார். பொருத்தமான பெயர்.

அலுவலகம் எனப் பொருள்படும் ‘பியூரோ’வில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ஜெர்மனியில் அழுத்தம் ‘ரோ’வில், சுவிஸில் ‘பியூ’வில். ஆனால் பெர்ன்காரர் ‘பியூ’வைத் தாழ்த்தி ‘ரோ’வில் ஏறுவதால், நம் காதுக்கு அது ஜெர்மனி உச்சரிப்பு போலவே படும். அங்கே சுருதியை நம்பாதே. எந்த அசை அழுத்தி ஒலிக்கிறது, எது நீள்கிறது என்று பார்.

மென்பொருளில் சுருதியை அளக்கும்போது ஆண்குரலுக்கு 75 முதல் 300 ஹெர்ட்ஸ், பெண்குரலுக்கு 100 முதல் 500 என்று எல்லை வை. வாக்கியக் கடைசியில் குரல் கரகரத்தால் திரையில் சுருதிக் கோடு ஒரு ஸ்தாயி கீழே குதிக்கும், அல்லது அறுந்துபோகும். அந்த இடத்தைக் கணக்கில் சேர்க்காதே. க, ச, ட, ப போன்ற வல்லொலிகளில் கோடு அறும், அடுத்த உயிரின் தொடக்கமும் சற்று உயர்ந்து தெரியும். அதனால் ம, ன, ல நிறைந்த சொற்களையே சோதனைக்கு எடு. ஏற்றத்தை ஹெர்ட்ஸில் ஒப்பிடாதே, அரைச்சுரத்தில் (ஸ்தாயியின் பன்னிரண்டில் ஒரு பங்கு) ஒப்பிடு: 100இலிருந்து 130க்கு ஏறினால் ஏறக்குறைய நாலரை அரைச்சுரம், 200இலிருந்து 230க்கு ஏறினால் சுமார் 2.4தான். சுவிஸின் வாலிஸ் மாநிலத்துக்காரர்கள் வேகமாகப் பேசுவார்கள், பெர்ன்காரர்கள் நிதானம். ஆகவே உச்சி எத்தனை மில்லிவினாடி தள்ளி வருகிறது என்பதைவிட, அசையின் எந்தப் பங்கில் வருகிறது என்று குறித்துவை.

மூன்றாம் பதிவின் கடைசிச் சொல் ஓரசைச் சொல். தாழ்வு, ஏற்றம், இறக்கம் மூன்றும் அந்த ஒரே உயிரில் அடங்கவேண்டும். அந்த உயிர் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்