துறைமுகத்துக்கு வடக்கும் தெற்கும்

இராயபுரம், சென்னை

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் மூவரின் நலமறிய ஆவல். மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் பத்து நாள் வருகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மா நாட்காட்டியைப் பார்ப்பதும் மிளகாய் காய வைப்பதுமாக இருக்கிறாள். அன்று பேச்சோடு பேச்சாக, "சென்னையில் பார்க்க என்னப்பா இருக்கிறது, ஒரு மாலை மெரினா போனால் போதும், மறுநாளே மாமல்லபுரம் கிளம்பிவிடலாம்" என்றாய். அது என் மனத்தை விட்டுப் போகவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக நின்று, கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொரு மூட்டையையும் எண்ணி எழுதியவன் நான். அந்தத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கரையை என் பேரன் சரியாகப் பார்க்காமல் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் சென்ற வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். நீங்கள் இருக்கும் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் துறைமுகம் ஆற்றின் மீது, கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது; வரைபடத்தில் பார்த்தால் சென்னையில் அப்படி ஒரு பெரிய ஆறே இல்லையே, பிறகு கப்பல்கள் எங்கே நிற்கின்றன தாத்தா என்றான். ஒன்பது வயதில் இதைக் கேட்கத் தோன்றியதே எனக்குப் பெருமை. இங்கே இயற்கையான துறைமுகம் எக்காலத்திலும் இருந்ததில்லை என்பதே அதற்கு விடை. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். நம் படகோட்டிகள் மசூலா படகுகளில் அலையைக் கடந்து போய்ச் சரக்கையும் பயணிகளையும் ஏற்றி வருவார்கள். அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு பிளந்துபோகும் அலையில், தைத்த படகு வளைந்து கொடுத்துக் கரை சேரும். 1861இல் இரும்புத் தூண்களின் மேல் கடலுக்குள் ஒரு பாலம் நீட்டினார்கள். அதுவும் போதாமல் 1870களில் இரண்டு கைகளை நீட்டிக் கடலை அணைத்துக்கொள்வது போலக் கல் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அவற்றில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட, மீண்டும் கட்டி எழுப்பினார்கள். கிழக்கு நோக்கியிருந்த வாயிலைப் பின்னர் துறைமுகத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் வடகிழக்குப் பக்கம் மாற்றிய பிறகுதான் உள்ளே கப்பல் அலையாமல் நின்றது.

இனிச் சொல்லப்போவதை நீயும் கவனமாகக் கேள். நம் கரையோரமாகக் கடலடி மணல் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அது தெற்கிலிருந்து வடக்கே போகும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்கள் மட்டும் திசை மாறும். துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் வடக்கே போகவேண்டிய மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. அப்படித் தங்கிய மணல்தான் இன்று நாம் காணும் அகன்ற மெரினா. கிராண்ட் டஃப் என்னும் ஆளுநர் 1884இல் அங்கே நடைபாதை அமைத்து அந்தப் பெயரையும் வைத்தார். மணல் வராமற்போன வடக்குக் கரையைக் கடல் அரித்துத் தின்றது. உன் பாட்டி பிறந்த வீட்டின் முன்னால் வலை காயப்போடும் அளவுக்கு மணல் இருந்ததாம். நான் சிறுவனாக இருந்தபோது அந்த வீட்டின் படிக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. இன்று அந்த இடத்தில் கருங்கல் தடுப்பும் அதற்கு அப்பால் தண்ணீரும் இருக்கின்றன. ஆகவே மெரினாவை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் வரவை மட்டும் பார்த்துவிட்டுச் செலவைப் பார்க்காமல் கணக்கை மூடியது போலாகும். கணக்கு எழுதியவன் என்ற முறையில் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனவே முதல் நாள் வடக்கிலிருந்து தொடங்குங்கள். விடியும் முன்பே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விட வேண்டும். ஞாயிறு வேண்டாம், கால் வைக்க இடமிருக்காது. விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்க, பெட்டி பெட்டியாக மீன் இறங்கும். தரையில் கூறு கட்டி வைத்தவுடனே ஏலம் தொடங்கிவிடும். ஏலம் கூறுபவர் விலையை ஏற்றிக்கொண்டே போகும் வேகத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனால் வாங்குபவர்களின் தலையசைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், கானாங்கெளுத்தி, நெத்திலி, கடம்பா என்று ஒவ்வொன்றையும் பேரனுக்குப் பெயர் சொல்லிக் காட்டு. மீன் வாங்கும் விதத்தையும் அவனுக்கு நீயே கற்றுக்கொடு: செவுளைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் பிதுங்கிப் பளபளவென்று இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை குழி விழாமல் எழும்பி வர வேண்டும். உனக்கு எட்டு வயதில் ஒரு கிழவி இதைச் சொல்லிக்கொடுத்து, நீ ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேற்றைய மீன்" என்று சத்தமாகச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நல்ல வேளையாக நீங்கள் மார்ச்சில் வருகிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது வந்திருந்தால் இந்தக் காட்சியில் பாதிதான் கிடைத்திருக்கும்.

அங்கிருந்து கடற்கரைச் சாலை வழியாகத் தெற்கே வாருங்கள். ஒரு பக்கம் கருங்கல் தடுப்பு நீளமாக வரும். வண்டியை நிறுத்தி, நான் சொன்ன மணல் கதையை அங்கே வைத்துப் பேரனுக்குச் சொல். பிறகு இராயப்பர் கோயில். இயேசுவின் சீடரும் மீனவருமான இராயப்பரின், அதாவது புனித பேதுருவின், பெயரால்தான் நம் பகுதிக்கே இராயபுரம் என்று பெயர் வந்தது. அடுத்து இராயபுரம் இரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். தினமும் அந்த வழியாகப் போய்வந்தும் அதன் தூண்களை நிமிர்ந்து பார்க்காத தலைமுறையாக நாம் ஆகிவிட்டோம் என்பது எனக்கு வருத்தமே.

ஜார்ஜ் டவுனுக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்கு. அரண்மனைக்காரத் தெருவில் உள்ள ஆர்மீனியர் தேவாலயம் 1772இல் கட்டப்பட்டது. பிற்பகலில் மூடிவிடுவார்கள், காலையிலேயே போய்விடு. உள்ளே நுழைந்ததும் தெருவின் இரைச்சல் நின்றுவிடும். முற்றத்தில் கல்லறைக் கற்களின் மேலேயே நடக்க வேண்டியிருக்கும். உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 1794இல் இந்த ஊரில் அச்சானது, அதை நடத்திய பாதிரியார் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். வாணிகத்துக்காக வந்தவர்கள் அச்சுக்கூடமும் கோயிலும் விட்டுப் போனார்கள் என்பதை நினைத்தால் ஒரு துறைமுகத்தின் அருமை தெரியும்.

அடுத்து உயர் நீதிமன்றச் சுவர். இதை உன் மகனுக்காகவே வைத்திருக்கிறேன். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு பொழிந்தது. எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. ஊரில் பலர் மூட்டை கட்டினார்கள். அதன் நினைவுக் கல் அந்தச் சுவரில் இருக்கிறது. அவன் வாழும் நாட்டின் ஒரு துறைமுக ஊருடைய பெயர், நம் வாயில் சாமர்த்தியக்காரனுக்கும் கண்டிப்பானவனுக்கும் வழங்கும் சொல்லாக ஆகிப்போனதை அவனிடம் சொல். என் அப்பாவைத் தெருவே எம்டன் என்றுதான் அழைத்தது. அதே வளாகத்தில் 1844இல் எழுந்த கல் தூண் ஒன்று உண்டு, அது பழைய கலங்கரை விளக்கம். பிறகு 1894 முதல் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியிலேயே விளக்கு எரிந்தது. வெளியிலிருந்தே இரண்டையும் பார்த்துவிடலாம்.

புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஒரு மணி நேரம் போதும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும். 1947 ஆகஸ்டு 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது, அதைப் பார்க்காமல் வராதே.

மாலையானதும் பர்மா பஜார் பக்கம் வாருங்கள். 1960களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய நம் மக்கள் பிழைப்பதற்காக அமைந்த கடைகள் அவை. பக்கத்துத் தெருக்களில் தள்ளுவண்டியில் அத்தோ கிடைக்கும். தடித்த நூடுல்சில் முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள் எல்லாவற்றையும் போட்டுக் கையாலேயே பிசைந்து, பேஜோ என்னும் மொறுமொறுப்பான பொரியலை நொறுக்கித் தூவி, வாழைத்தண்டு சூப்போடு தருவார்கள். பேரனுக்குக் காரம் குறைக்கச் சொல்.

மெரினாவுக்கு மறுநாள் போங்கள். முதலில் ஐஸ் ஹவுஸ் முன்னால் நிற்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை இறக்கி வைப்பதற்காக 1842இல் கடலோரத்தில் கட்டிய வீடு அது. 1897இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். அந்த வாசலில் நின்று இன்று கடல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பேரனைப் பார்க்கச் சொல். பிறகு அவனோடு அடி எண்ணிக்கொண்டே தண்ணீர் வரை நடந்து போ. துறைமுகச் சுவர் கொண்டுவந்து சேர்த்த மணல் அவன் காலடியில் இருக்கும். கலங்கரை விளக்கத்தில் மின்தூக்கி உண்டு, மேலே ஏறினால் வடக்கே துறைமுகமும் தெற்கே சாந்தோம் கோபுரமும் ஒரே பார்வையில் தெரியும், திங்கட்கிழமை விடுமுறை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், மெரினாவில் கணுக்காலுக்கு மேல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கரை திடீரெனச் சரியும், அலை திரும்பும்போது காலடி மணலையும் ஆளையும் சேர்த்து இழுக்கும்.

இரவில் விழித்திருக்க முடியுமானால் பெசன்ட் நகர் கரையையும் விட்டுவிடாதே. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம் இது. மாணவர் குழுவொன்று 1988 முதல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைத் திரட்டிப் பாதுகாப்பிடத்தில் புதைத்து வைக்கிறது. ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளில் குஞ்சு வெளிவரும். மார்ச் மாத மாலைகளில் அவற்றைக் கடலில் விடுவதைப் பார்க்க வாய்ப்பு அதிகம். கைப்பேசி விளக்கை மட்டும் போடக் கூடாது, குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திரும்பிவிடும்.

மாமல்லபுரத்துக்கு வைத்திருக்கும் நாளைப் பழவேற்காட்டுக்கு மாற்றிக்கொண்டால் மகிழ்வேன். 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். சென்னை பிறக்கும் முன்பே அது துறைமுகம். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள், உன் மகன் அதை விட்டு நகர மாட்டான். ஏரியில் பூநாரைகளும் இருக்கலாம்.

வரும்போது மூவருக்கும் பழைய செருப்பு ஒரு சோடி எடுத்து வாருங்கள். காசிமேட்டில் தரை முழுவதும் மீன் கழுவிய தண்ணீர். நல்ல காலணி ஒரே காலையில் பாழாகிவிடும். முதல் நாள் மூன்றரை மணிக்கே எழுப்புவேன் என்று பேரனிடம் இப்போதே சொல்லிவை.

அன்புடன்,
அப்பா