மாப்ள, டபிள்யூ கோடு பாத்தியா?

டேய் மாப்ள,

தீபாவளிக்கு நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜுக்கே இன்னும் பதில் போடல, தெரியும், திட்டாத. இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவனுக்குப் பல்லுல கிளிப் போட்டாச்சு, சின்னவ இன்னும் தோசையத் தவிர வேற எதையும் தொடமாட்டேங்கறா. ஸ்டென்ட் வச்சதுக்கப்புறம் அப்பா மாடி ஏறறாரா?

இப்ப விஷயத்துக்கு வரேன். போன சனிக்கிழமை டாக்ஸ் போட உக்காந்தேன். எச்எஸ்ஏ-ல, அதான் வைத்தியச் செலவுக்குன்னு வரி இல்லாம சேத்து வைக்கற கணக்குல, நீங்க எவ்வளவு போட்டீங்கன்னு சாஃப்ட்வேர் கேட்டுச்சு. பே ஸ்டப்ப எடுத்து வச்சுக்கிட்டு, ஒரு சம்பளத்துக்கு 200 டாலர், 26 சம்பளம், 5,200ன்னு அடிச்சேன். அடுத்த பக்கத்துலயே சிவப்பு எழுத்துல, லிமிட்டுக்கு மேல 3,350 டாலர் போட்டிருக்கீங்க, 6 பர்சென்ட் வரி, 201 டாலர் கட்டணும்னு வந்து நிக்குது. எனக்கு ஒண்ணுமே புரியல. 2025-க்கு ஃபேமிலி லிமிட் 8,550, என் பணமும் கம்பெனி குடுத்த 1,500-உம் சேத்தாலே 6,700தான்டா வருது!

அப்புறம் டபிள்யூ-2, அதான் வருஷத்துக்கு ஒரு தடவ கம்பெனி தர சம்பள-வரிச் சீட்டு, அத எடுத்துப் பாத்தேன். பாக்ஸ் 12-ல டபிள்யூன்னு ஒரு கோடு, பக்கத்துல 6,700. அப்பதான் உறைச்சுது. சம்பளத்துல வரி புடிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடறாங்க பாரு, அந்தப் பணத்தையும் சட்டம் கம்பெனி போட்டதாத்தான் கணக்குல எடுத்துக்குது. செக்‌ஷன் 125ன்னு சொல்றாங்க. நம்ம பையிலேர்ந்து போன காசுதான், ஆனா பாக்ஸ் 1-ல இருக்கற, வரி போடற சம்பளத்துலேர்ந்து ஏற்கெனவே கழிச்சாச்சு, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர்னு 7.65 பர்சென்ட்டும் அதுக்குப் புடிக்கல. அதனால எச்எஸ்ஏ கணக்கு காட்டற ஃபார்ம் 8889-ல மொத்தம் 6,700-உம், கம்பெனி போட்ட பணத்துக்கான லைன் 9-க்குப் போகணும். லைன் 2, நம்ம பேங்க்லேர்ந்து நாமளே தனியா அனுப்பின பணத்துக்கு மட்டும். நான் அப்படி ஒரு பைசா அனுப்பல, அங்க வரவேண்டியது சைபர். நான் அடிச்ச 5,200-ஐ சாஃப்ட்வேர் 6,700-ஓட மறுபடியும் கூட்டி 11,900ன்னு எடுத்துக்கிச்சு. 5,200-ஐ அழிச்சேன், சிவப்பு போயிடுச்சு.

அத்தோட முடிஞ்சிருந்தா உனக்கு இவ்வளவு நீளமா எழுதியிருக்க மாட்டேன். போன வருஷ ரிட்டர்ன திறந்து பாத்தா அதுலயும் இதே தப்பு. 2024-ல சம்பளத்துலேர்ந்து 2,600தான் போச்சு, அத மறுபடியும் லைன் 2-ல போட்டிருக்கேன். லிமிட் 8,300, ரெட்டிப்பாக் கூட்டினாலும் அதத் தாண்டல, அதனால எந்த எச்சரிக்கையும் வரல. ஒரே பணத்துக்கு ரெண்டு தடவ வரி விலக்கு வாங்கியிருக்கேன்டா. 22 பர்சென்ட்னா 572 டாலர், என்னோடது இல்லாத பணம். ராத்திரி தூக்கமே வரல. கிரீன்கார்டு வரிசையில நிக்கறவனுக்கு ஐஆர்எஸ், அதான் அமெரிக்க வரித்துறை, அவங்க கிட்ட ஒரு கணக்கு தப்பா கிடக்குதுன்னா எப்படி இருக்கும், உனக்குச் சொல்லவே வேணாம். ஞாயித்துக்கிழமையே 1040-எக்ஸ்ங்கற திருத்தின ரிட்டர்னப் போட்டு, புது 8889-ஐச் சேத்து, பணத்தையும் கட்டிட்டேன். வட்டிக்கு அவங்க பில் அனுப்பட்டும், அதையும் கட்டறேன்.

நான் ஃப்ரீமான்ட்ல இருக்கறதால இன்னொரு கூத்தும் உண்டு. எச்எஸ்ஏ-வுக்குக் கலிஃபோர்னியா ஸ்டேட் டாக்ஸ்ல விலக்கே கிடையாது, நியூஜெர்சிலயும் அப்படித்தான். என் டபிள்யூ-2-ல ஸ்டேட் டாக்ஸுக்கான சம்பளம் போடற பாக்ஸ் 16, பாக்ஸ் 1-ஐ விடச் சரியா 6,700 ஜாஸ்தி. மூணு வருஷமா அது ஏன்னே தெரியாம பேரோல் ஆளுங்களைத் திட்டிட்டு இருந்தேன், பாவம். உனக்கு டெக்சாஸ்ல ஸ்டேட் டாக்ஸே இல்ல, குடுத்து வச்ச பய.

ஆனா எனக்கு உன் கவலைதான் இப்போ. நீ ஆகஸ்ட்ல கம்பெனி மாறினியே, உனக்கு ரெண்டு டபிள்யூ-2 வந்திருக்கும். ரெண்டுலயும் டபிள்யூ கோடு இருந்தா கூட்டிப் பாரு. பழைய கம்பெனில எவ்வளவு போச்சுன்னு புதுக் கம்பெனிக்குத் தெரியாது, 8,550-ஐத் தாண்டினா பாத்துக்கவேண்டியது நீதான். தாண்டியிருந்தா ஏப்ரல் 15-க்குள்ள எச்எஸ்ஏ பேங்க்ல சொல்லி, அதிகப்படிப் பணத்தையும் அதுல வந்த வருமானத்தையும் வெளில எடுத்துடு. அந்தப் பணத்துக்கு வரி கட்டணும், ஆனா 6 பர்சென்ட் வராது. விட்டா வருஷா வருஷம் வரும். அப்புறம் உன் வீட்ல அவங்க ஆபீஸ்ல எஃப்எஸ்ஏ, அதான் வரிக்கு முன்னாடியே சம்பளத்துலேர்ந்து செலவுக்குன்னு ஒதுக்கற இன்னொரு கணக்கு, எடுத்திருக்காங்களா? டாக்டர் செலவு எல்லாத்துக்கும் ஆகற சாதாரண எஃப்எஸ்ஏ-வா இருந்தா, அது இருக்கற மாசங்கள்ல உனக்கு எச்எஸ்ஏ-ல பணம் போடவே தகுதி இல்ல. இத இன்னிக்கே கேளு, நாளைக்குன்னு தள்ளாத. உன் நாளைக்கு என்னிக்கு வரும்னு ஹாஸ்டல் மெஸ் அண்ணனுக்கே தெரியும்.

இன்னொண்ணு, சொல்ல மனசே வரல. அப்பாவோட மதுரை ஆஸ்பத்திரி பில்ல எச்எஸ்ஏ-லேர்ந்து எடுக்கலாமான்னு கேட்டிருந்த. முடியாதுடா. நீ, வீட்ல அவங்க, வரிக் கணக்குல உன்ன நம்பி இருக்கறவங்க, இவங்களுக்குத்தான். ஊர்லயே இருக்கற, இந்தியன் சிட்டிசன் அப்பா அந்தக் கணக்குல வரமாட்டார். எடுத்தா வருமான வரியும் கட்டணும், அதுக்கு மேல 20 பர்சென்ட்டும் போகும். பணம் முடையா இருந்தா என்கிட்ட கேளு, கூச்சப்படாத.

ரெண்டு டபிள்யூ-2-வையும் எடுத்து வை. வர சனிக்கிழமை காலைல உன் நேரம் பத்து மணிக்குக் கூப்பிடறேன், 8889-ஐ ரெண்டு பேரும் சேந்தே போட்டுடலாம்.

உன்,
சோடாபுட்டி