உன் மருமகளைத் திட்டாதே, சரசு

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது, மாத்திரையை மட்டும் அவர் இஷ்டத்துக்கு நிறுத்த விடாதே. இங்கே எல்லாரும் சுகம். மூத்தவளுக்கு ஈப்போவில் வேலை கிடைத்துவிட்டது, பிள்ளைகள் இரண்டும் பள்ளி விட்டதும் நேராக என்னிடம்தான் வருகிறார்கள், ராத்திரி எட்டு மணிவரை என் பொறுப்பு. அதனால் நீ எழுதியிருந்த விஷயம் எனக்குத் தூரத்து விஷயமில்லை.

எதிரிலேயே திடல் இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது, ஆனால் மருமகள் பேரனைக் கேட்டைத் தாண்ட விடுவதில்லை, "நாங்களெல்லாம் இப்படியா வளர்ந்தோம்" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தாய். கோபித்துக்கொள்ளாமல் கேள். அந்தப் பெண்ணைத் திட்டாதே. அவள் பயப்படுவதில் தப்பே இல்லை. நமக்கு இருந்தது அவளுக்கு இல்லை, அவ்வளவுதான்.

நினைத்துப் பார். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு முடிந்து அம்மா அப்பா பாலெடுக்க மரம் வெட்டப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில், நாம் தோட்டத்துப் பள்ளியில். பள்ளி விட்டால் ரப்பர் கொட்டை பொறுக்குவது, அதைச் சிமெண்டில் தேய்த்துச் சுடச்சுட அடுத்தவள் கையில் வைத்துவிட்டு ஓடுவது, ஆற்றோரம், நாம் குடியிருந்த வரிசைவீடுகளில் மேட்டு லயத்துக் கொய்யா மரம். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்டதில்லை என்று இப்போது நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் கேட்கத் தேவையிருக்கவில்லை, சரசு. குழாயடியில் நாலு பேர், கோயில் திண்ணையில் வேலையை விட்டு நின்ற தாத்தாக்கள், கடைக்காரர், சைக்கிளில் சுற்றி வந்து வேலையை மேற்பார்க்கும் தண்டல், இவர்கள் எல்லாருக்கும் நீ யார் பிள்ளை என்று தெரியும். நீ எந்த மரத்தில் ஏறினாய் என்கிற சேதி உனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எந்த அத்தை வேண்டுமானாலும் நம்மைக் கண்டிக்கலாம், அதற்காக அம்மா அவளோடு சண்டைக்குப் போகமாட்டாள். நம்மைத் தனியாக விட்டுவிட்டார்கள் என்பதே சரியில்லை. லயமே பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தக் காலம் ஆபத்தில்லாத காலமும் இல்லை. ஈயக்குட்டையில் மூழ்கிப் போனானே கீழ்லயத்துப் பையன், அவன் அம்மா எத்தனை வருஷம் அந்தப் பக்கமே பார்க்காமல் நடந்தாள் என்று உனக்கும் தெரியும். பாம்பு இருந்தது, களைக்கொல்லி மருந்து டின்கள் கண்ட இடத்தில் கிடந்தன. அப்புறம், விளையாட்டுச் சுதந்திரம் என்று நாம் இப்போது சொல்கிற கதைகளில் பாதி நம் அண்ணன் தம்பிகளுடையது. உனக்கும் எனக்கும் இடுப்பில் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கும், கையில் தண்ணீர் வாளி இருக்கும், வயசுக்கு வந்த பிறகு வாசலோடு சரி. இதையெல்லாம் விட்டுவிட்டு இளையவர்களிடம் "எங்கள் காலம்" என்று பேசினால் அவர்கள் ஏன் நம்பவேண்டும்?

சரி, எது மாறியது? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, அதற்கு அத்தனை கை தேவையில்லை. பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன, லயங்கள் இடிந்தன, நம் சனங்கள் ஆளுக்கொரு பக்கம் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிகளுக்கும் மாடிவீடுகளுக்கும் போனார்கள். வீட்டுக்கு வீடு இரும்புக் கேட். கணவன் மனைவி இருவரும் வேலை, இருட்டோடு ஃபேக்டரி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே வருஷங்கள் ஓடிவிடுகின்றன. முன்பு ஒரு லயமே சேர்ந்து பார்த்த வேலையை இன்று ஒருத்தி தலையில் சுமத்தியிருக்கிறோம். அவள் பயப்படாமல் வேறென்ன செய்வாள்?

2007இல் கோலாலம்பூரில் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போன எட்டு வயதுச் சிறுமியைக் கடத்திக் கொன்றதை அந்த வயதில் பிள்ளை வைத்திருந்த எந்தத் தாயும் மறக்கவில்லை. அன்று பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்து அந்தச் செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இன்றைய தாய்மார்கள். அதன் மேல் இந்தக் கைத்தொலைபேசி வேறு. எங்கோ வெள்ளை வேன் வந்தது, பிள்ளையைத் தூக்கியது என்று ஊர் பெயரும் தேதியும் இல்லாத சேதி வாட்ஸ்அப் புலனத்தில் வந்துகொண்டே இருக்கிறது. பொய்யாக இருந்தாலும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

ஆனால் இத்தனை வருஷம் பள்ளியில் இருந்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்பவர்களில் பெரும்பாலோர் வேனில் வரும் அந்நியர்கள் இல்லை, அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள். இப்போது திரை வழியாகவும் வருகிறார்கள். சிறுவருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென்று 2017இல் தனிச் சட்டமே வந்ததே, பிள்ளையிடம் தேனாகப் பேசி வசப்படுத்துவதையும் அதில் குற்றமாகச் சேர்த்தார்கள். கேட்டைப் பூட்டிவிட்டுக் கையில் போனைக் கொடுத்தால் பிள்ளை பத்திரம் என்று நினைப்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

வீதிப் பயம் வேறு. அது நிஜம். இங்கே ஈப்போ – கோலகங்சார் பழைய சாலையில் லாரிகள் போகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கே காலை வைக்கப் பயம். இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற பெயருடைய ஆய்வாளர் ஒருவர் குழுவாக ஆராய்ந்து 1990இல் எழுதியதை மகன் எனக்கு எடுத்துக் கொடுத்தான். 1971இல் அங்கே ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்களாம். 1990இல் வெறும் 9 விழுக்காடு. பெற்றோர் முதலில் சொன்ன காரணம் கார்கள்தான். அந்த இடைவெளியில் வீதியில் இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் வீதி திருந்தியதால் குறைந்தது என்று சொல்ல முடியாது, பிள்ளைகளையே வீதியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்கிறார். அதைப் படித்த அன்று மதியம் ஒரு மணிக்கு நம் பள்ளி வாசலில் நின்று பார்த்தேன். நடந்துபோகிற தூரத்துப் பிள்ளைக்கும் கார், அத்தனை கார்களும் நெருக்குவதால் நடக்கிற பிள்ளைக்கு வழியில்லை, அதைப் பார்த்து இன்னொரு தாய் காரை எடுக்கிறாள்.

உன் பேரனுக்கு ஏழு வயதில் கண்ணாடி வந்ததற்குப் பரம்பரை என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். இருக்கலாம். இதையும் தெரிந்துகொள். உங்கள் ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், ஆறு ஏழு வயதுச் சீனப் பிள்ளைகளையும் சிட்னியில் வளரும் அதே வயதுச் சீனப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வு வந்தது. சிங்கப்பூரில் 29 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல். பெற்றோரின் பார்வைக் குறையில் பெரிய வித்தியாசம் இல்லை. சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் மூன்று மணி நேரம். வெளிச்சம் பட்டால் கண் வளர்வது கட்டுப்படுகிறது என்கிறார்கள். மருமகளிடம் இதை மட்டும் சொல், "எங்கள் காலம்" வேண்டாம்.

பிள்ளையைத் தனியாக விட்டால் சட்டப்படி குற்றம் என்று மருமகள் சொன்னதும் பொய்யில்லை. 2001 சிறுவர் சட்டம் 33ஆவது பிரிவு, பிள்ளையைக் கவனிக்க நியாயமான ஏற்பாடு செய்யாமல் விட்டுவிட்டுப் போவது குற்றம். 2016இல் திருத்தியபோது தண்டனையை 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று உயர்த்தினார்கள். ஆனால் அதில் இருக்கும் சொற்களைப் பார், தாய் எந்நேரமும் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று எங்கும் இல்லை, ஏற்பாடு வேண்டும் என்றுதான் இருக்கிறது. எதிர்வீட்டில் ஒரு பெரியவர் வாசலில் உட்கார்ந்திருப்பதும் ஓர் ஏற்பாடுதான் என்பது என் எண்ணம்.

எங்கள் வரிசையில் அதைத்தான் செய்கிறோம். பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து மணி ஆனதும் நான் வாசலில் நாற்காலி போட்டுவிடுவேன், பூ கட்டுவேன், கீரை ஆய்வேன். மூலைவீட்டு ஓய்வுபெற்ற சீன அங்கிள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், எதிர்வீட்டு மக்சிக், அந்த மலாய் அம்மா, குசினி ஜன்னலைத் திறந்து வைத்திருப்பாள். பிள்ளைகள் ஒன்பது பத்துப் பேர் சேர்ந்து திடலுக்குப் போவார்கள், எங்களில் யாரும் கூடப் போவதில்லை. பெரிய சாலையைத் தாண்டக்கூடாது, தனியாக ஒருவர் பிரிந்து போகக்கூடாது, பள்ளிவாசலில் மாலை பாங்கு கேட்டால் திரும்பவேண்டும், இவ்வளவுதான் விதி. யார் வீட்டில் என்ன நடந்தாலும் எந்தப் பிள்ளையும் எந்தக் கதவையும் தட்டலாம் என்று பெற்றோர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்தோம், அதைச் சொல்லத்தான் முதலில் கூச்சமாக இருந்தது. இதற்கு அவரவர் பெயரும் போன் நம்பரும் தெரிந்தால் போதும். ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பை 1975இலேயே அரசாங்கம் ஆரம்பித்து ராத்திரி ரோந்துக்கு ஆள் சேர்த்தது, சாயங்காலத்துக்கும் கொஞ்சம் கண் வேண்டாமா?

போன வாரம் சின்னவன் மரத்திலிருந்து விழுந்து முழங்கை தோல் உரிந்து வந்தான். மகள் முகம் வெளுத்துவிட்டது, ஆனால் அடுத்த நாள் நிறுத்தவில்லை. எலன் சாண்ட்செட்டர் என்ற நார்வேக்காரம்மா, உயரம், வேகம், மல்லுக்கட்டு, வழி தவறிப் போவது, இப்படிக் கொஞ்சம் ஆபத்தோடு விளையாடித்தான் பிள்ளைகள் பயத்தைக் கடக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். நான் அவனிடம் பார்ப்பது அதுதான். பள்ளியில் எழுந்து வாசிக்கவே நடுங்கியவன், இப்போது தன்னைவிடப் பெரிய பையன்களிடம் "இது என் முறை" என்று வாதாடுகிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உங்கள் தாமான் பெரியது, வரிசை வரிசையாக ஆள் மாறிக்கொண்டே இருக்கும் என்பது தெரியும். எல்லாரையும் சேர்க்க முடியாது. திடலைப் பார்த்த மூன்று வீடு போதும். மருமகளை அனுப்பாதே, நீயே போய்க் கதவைத் தட்டு, பாயசம் கொண்டு போ. வேலைவிட்டு வருகிறவளுக்கு அதற்குத் தெம்பு இருக்காது, நமக்கு நேரம் இருக்கிறது. முதல் வாரம் அவளையும் உன்னோடு வாசலில் உட்காரச் சொல், பேச வேண்டாம், பார்த்தால் போதும்.

பள்ளி விடுமுறைக்கு எல்லாருமாக இங்கே வாருங்கள். அண்ணனுக்கு ரயில் பிரயாணம் ஒத்துக்கொள்ளும், டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது. என்றைக்கு வருகிறீர்கள் என்று மட்டும் எழுது, மாடி அறையை ஒழித்து வைக்கிறேன்.

அன்புடன்,
லெட்சுமி