தோற்ற ஃபைனலை நமக்காக மறுபடி பார்த்தவருக்கு

சென்னையின் எஃப்சி கால்பந்து அணியை 2014 முதல் விடாமல் பின்தொடரும் எல்லோருக்கும் வணக்கம்.

நமக்குள் நடந்ததை இங்கே கிளற வேண்டாம். நம் அணியின் எக்காலத்துக்கும் சிறந்த பதினோரு பேர் யார் என்று சண்டை போட்ட பட்டியல் ஒருவழியாக முடிந்தது. முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்கள் பேசிக்கொள்கிறார்கள். இந்த நிம்மதியோடேயே நன்றியைச் சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி பெங்களூரு எஃப்சி ரசிகர் ஒருவருக்கு. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல். 9ஆவது நிமிடத்தில் பெங்களூருவின் சேத்ரி கோல். 17இலும் 45இலும் நம் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிப் போட்ட ஹெட்டர் கோல்கள், 67இல் நம் ரஃபேல் அகஸ்டோ. கடைசியில் அவர்களின் மிக்கு ஒன்று போட்டும் 3-2 என நாம் கோப்பையை எடுத்தோம். அவர்கள் மண்ணிலேயே அவர்கள் தோற்ற ஆட்டம் அது. யாரும் கேட்காமலே அதை முழுதாக ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு கார்னருக்கும் (மைதான மூலையிலிருந்து உதைக்கும் பந்து) ஒரு வரி எழுதி அனுப்பினார்: எந்தப் பக்கம், உதைத்தவர் யார், பந்து போனது முதல் கோல் கம்பத்துக்கா இரண்டாவதுக்கா, காவல் நின்றவர் யார், வழியை மறித்தவர் யார். கோலாகாத கார்னர்களையும் அவர் விடவில்லை. நமக்கு உதவியது அதுதான்.

ஹெட்டர் கோலை மட்டும் எண்ணி மெயில்சனையும் பின்னால் வந்த டிஃபெண்டர் ரயன் எட்வர்ட்ஸையும் ஒப்பிட்டால் சண்டைதான் மிஞ்சும். மெயில்சனின் இரண்டு கோலுக்கும் கார்னர் உதைத்தவர் கிரெகரி நெல்சன். பந்து சரியான இடத்துக்கு வராவிட்டால் எந்த டிஃபெண்டரும் கோல் போட முடியாது. அதனால் தன்னை நோக்கி வந்த கார்னர்களில் எத்தனையில் ஒருவர் முதலில் பந்தைத் தொட்டார் என்று எண்ண வேண்டும். நம் கோல் பக்கம் வரும் கார்னர்களுக்கும் இதே கணக்குதான்.

அந்தப் பெங்களூரு ரசிகரின் தாளைப் பார்த்த பிறகுதான் முன்வரிசைக்கும் ஒழுங்கான அளவுகோல் கிடைத்தது. மெண்டோசா 2015இல் 13 கோல் போட்டபோது லீக் சுற்று ஓர் அணிக்கு 14 ஆட்டம்தான். வால்ஸ்கிஸ் 15 கோல் போட்ட 2019-20இல் 18 ஆட்டம், 2024-25இல் 24 ஆட்டம். மொத்தக் கோலை அடுக்கினால் பழையவர்களுக்கு அநியாயம். ஆடிய நிமிடங்களைக் கூட்டி, 90 நிமிடத்துக்கு எத்தனை என்று வகுத்து, பெனால்டியைத் தனியே வைக்க வேண்டும். களத்தில் ஓர் அணிக்கு அதிகபட்ச வெளிநாட்டவர் 2016 வரை ஆறு பேர், 2017-18 முதல் ஐந்து, 2021-22 முதல் நான்கு. அதனால் எதிரே நின்ற தடுப்பு வரிசையே ஒன்றல்ல. கானர் ஷீல்ட்ஸ் போன்றவருக்கு, அவர் மற்றவருக்கு உருவாக்கிய கோல் வாய்ப்புகளையும் சேர்க்காவிட்டால் கணக்கு பொய். வியாசர்பாடியின் தனபால் கணேஷ் 2018 நடுக்களத்தில் செய்த வேலை கோல் கணக்கில் வராது. அவர் இடத்தை விட்டுத்தர எங்களுக்கு மனமில்லை.

பழைய டிக்கெட்டுகளைத் தேடி எடுத்த அண்ணன்கள், நிமிடங்களைக் கூட்டிச் சரிபார்த்த தம்பி தங்கைகள், மொட்டை மாடியைத் திறந்துவிட்டு டீயும் போட்டுக்கொடுத்த அக்கா, சென்னை வெள்ளத்தால் நம் 2015 அரையிறுதி புனேவுக்குப் போனதை மறக்காமல் குறிக்கச் சொன்ன பெரியவர், எல்லோருக்கும் நன்றி.

நிமிடக் கணக்கு இல்லாமல் இனி யார் பெயரையும் பட்டியலில் ஏற்றவும் மாட்டோம், இறக்கவும் மாட்டோம். பெங்களூரு அடுத்து சென்னைக்கு ஆட வரும்போது அந்த நண்பருக்கு நேரு மைதானத்தில் டிக்கெட் எங்கள் பொறுப்பு. தன் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டே எங்கள் நடுவில் உட்காரட்டும்.